வரைகோட்டின் மூக்கு

அந்த மூக்கை முதலில் பார்த்தது பத்ரிதான். 2004 ஜூலையில் ஒரு மத்தியானம். காலையில் கரண்ட் போனதில் பாதியில் நின்ற கணக்கை மறுபடி முதலிலிருந்து ஓட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். திரையில் ஒழுங்காக ஏறிக்கொண்டே போன கோடு ஓர் இடத்தில் சட்டென்று துருத்தி, மறுபடி இறங்கி, தன் போக்கில் போயிற்று.

"யூனிஸ், இங்க வா. உன் வாயுவுக்கு மூக்கு முளைச்சிருக்கு."

யூனிஸ் நாற்காலியோடு நகர்ந்து வந்தாள். ஜன்னலுக்கு வெளியே, மதிலுக்கு அந்தப்பக்கம், சனத்நகர் தொழிற்பேட்டையின் பட்டறை ஒன்றில் தகடு அடிக்கும் இயந்திரம் வழக்கம்போல் தம் தம் என்று இடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பேட்டையை ஒட்டித்தான் அவர்களுடைய ஆராய்ச்சி மையம். இரண்டு மாடி, பத்துப் பன்னிரண்டு பேர், வருஷா வருஷம் மூடிவிடுவார்கள் என்று பேச்சு. யூனிஸும் பத்ரியும் அங்கே ஒரே அறையில் ஆறு வருஷமாக முதுகுக்கு முதுகாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

வேலை இதுதான். இயற்கையில் துகள்கள் இரண்டு ரகம். போசான்கள் ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் நெருக்கிக்கொண்டு இருக்கும். ஃபெர்மியான்கள் அப்படியில்லை, ஒன்று இருக்கிற நிலையில் இன்னொன்று வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விதி இருந்தால், அப்படிப்பட்ட துகள்களாலான வாயு எப்படி நடந்துகொள்ளும் என்பது யூனிஸின் கேள்வி. அதையும் சாதாரணச் சூட்டில் அல்ல, துகள்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகிற சூட்டில். அந்தச் சூட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஆற்றலே துகளும் எதிர்த்துகளுமாக ஜோடி ஜோடியாகப் பிறக்கத் தொடங்கிவிடும். உள்ளே எத்தனை துகள் என்று எண்ணி வைத்துக்கொள்ள முடியாது. சமன்பாடுகளை எழுதியது யூனிஸ். அவற்றைக் கணினியில் போட்டு ஓட்டும் புரோகிராமை எழுதியது பத்ரி.

வாயுவைச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் தேவை என்பதைக் காட்டும் கோடு அது. அதில் ஒரு மூக்கு என்றால் அந்த இடத்தில் வாயு திடீரென்று வேறொன்றாக மாறுகிறது என்று அர்த்தம், தண்ணீர் பனிக்கட்டி ஆவதைப்போல. அப்படி ஒரு மாற்றம் இருக்கும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

அவர்களுடைய வழிகாட்டி பேராசிரியர் வெங்கடகிருஷ்ணன் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிடுங்கோ," என்றார். எழுதினார்கள். மூன்று பேர் பெயரோடும் அந்த டிசம்பரில் ஒரு நல்ல சஞ்சிகை கட்டுரையை ஏற்றுக்கொண்டது. வரவேற்பறைச் சுவரில் மூக்குப் படத்தைப் பெரிதாக அச்சடித்து மாட்டினார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு பத்ரி செகந்திராபாத்தில் யூனிஸ் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். யூனிஸின் அப்பா கிதியோன் ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா யூனிஸ் கல்லூரியில் படிக்கும்போதே தவறிவிட்டாள். வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். பத்ரிக்காகத் தனியாகக் காய்கறி பிரியாணி செய்தார் கிதியோன். பத்ரியின் அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் வேலை. முட்டைகூட நுழையாத வீடு. அவன் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "அங்கிள், இதை எங்க அம்மாட்ட சொல்லாதீங்கோ, வருத்தப்படுவா," என்றான்.

வேதக்கோயிலில் சிலர் ஜாடையாகக் கேட்டார்கள், அந்தப் பையன் யார் என்று. யூனிஸ் சிரித்துவிட்டுப் போனாள். அது காதல் இல்லை. காதலாக இருந்திருந்தால் அதற்கு ஒரு பெயராவது இருந்திருக்கும். ஒரு கணக்கு எங்கே இடறுகிறது என்பதை அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே புரிந்துகொள்கிற ஆள் இந்த ஊரில் அவன் ஒருவன்தான். அவள் யாரிடமும் விளக்காத பாதி வாக்கியங்கள் அவனிடம் முழு வாக்கியங்களாக இருந்தன.

புது வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் பத்ரிக்குக் கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு இன்சூரன்ஸ்காரர்களுக்கு ஆபத்துகளைக் கணிக்கிற வேலை. நேர்காணல் முழுக்க அந்த மூக்கைப் பற்றியே கேட்டார்களாம். பிப்ரவரியில் தன் ஆய்வேட்டை அவசரமாக முடித்தான். அதில் மூக்கு இல்லை. பழைய வேலையை மட்டுமே வைத்து எழுதியிருந்தான்.

"மூக்கை ஏன் விட்டுட்ட?" என்று கேட்டாள் யூனிஸ்.

"எனக்கு எதுக்கு? நான் போற எடத்துல தீசிஸை யாரும் பிரிச்சுப் பார்க்கப் போறதில்ல. அது உனக்கு இருக்கட்டும். ரெண்டு சாப்டர் வரும். நீதான் இதுல நிக்கப் போற."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொல்லும்போது யூனிஸ் அழுதுவிட்டாள். தங்கள் வாழ்க்கையிலேயே பெரிய கண்டுபிடிப்பை ஒருவன் இப்படிச் சாதாரணமாக எடுத்து நீட்டுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் மூக்கிலேயே குடியிருந்தாள். ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை வந்தது, வேண்டாம் என்றாள். ஜெர்மனியில் ஒரு குழு அவள் கட்டுரையைப் படித்துவிட்டு, ஆய்வேட்டை முடித்ததும் வரச் சொல்லியிருந்தது. டிசம்பரில் புனேயில் ஒரு மாநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சுக்கான படங்களைத் தயாரித்து பத்ரிக்கு அனுப்பினாள். அவன் அவ்வளவு வேலைக்கு நடுவிலும் உட்கார்ந்து திருத்தி அனுப்பினான். சிவப்புக் கோடு பின்வரிசைக்குத் தெரியாது, நீலமாக்கு. நாலாவது படத்தில் ஒரு எழுத்துப்பிழை. மூக்குப் படத்தைக் கடைசியில் வை, அப்போதுதான் மனசில் நிற்கும்.

புனேயில் பேச்சு நன்றாகவே போயிற்று. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள், நரைத்த கிராப்பு, கைத்தறிப் புடவை, எழுந்து சாதாரணமாக ஒன்று கேட்டாள். "இந்த மூக்கு இருக்கிற இடம், நீங்கள் கணக்குப் போடும் முறையைச் சார்ந்ததா?"

"இல்லை," என்றாள் யூனிஸ்.

"பார்த்தீர்களா?"

"பார்த்தோம்."

அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள். பத்ரி பார்த்திருப்பான். அது அவன் பக்கம். ஆனால் திரும்பும் ரயிலில் சோலாப்பூர் தாண்டியதும் அந்தப் 'பார்த்தோம்' அவளை உறுத்த ஆரம்பித்தது. அவள் பார்க்கவில்லை. பார்த்ததாக அவன் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை மையத்துக்குப் போய் முதல் வேலையாக பத்ரியின் புரோகிராமைத் திறந்தாள். அவன் எழுத்து அவளுக்குப் பழகியது, படிக்க இதமானது. நடுவில் ஒரு வரி. எதிர்த்துகள்களின் பங்கு இன்ன அளவுக்குக் கீழே இருந்தால் அதைப் பூஜ்யமாக வைத்துக்கொள் என்று. நேரத்தை மிச்சப்படுத்தச் செய்வதுதான். குறைந்த சூட்டில் எதிர்த்துகள் கிட்டத்தட்ட கிடையாது, அதைப்போய் ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

அவள் அந்த அளவைக் கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பார்த்தாள். மூக்கு இடது பக்கம் நகர்ந்தது, சற்றுச் சின்னதாகவும் ஆயிற்று.

இன்னும் குறைத்தாள். இன்னும் நகர்ந்தது.

அந்த வரியையே எடுத்துவிட்டாள். மூக்கு போய்விட்டது. கோடு மழமழவென்று ஏறிக்கொண்டே போயிற்று.

விஷயம் எளியதுதான். சூடு ஏற ஏற எதிர்த்துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டுதான் இருந்தன. புரோகிராம்தான் அவற்றை வாசலிலேயே நிறுத்திவைத்து, அந்த அளவு தாண்டியதும் மொத்தமாக உள்ளே விட்டது. அந்தத் தள்ளுமுள்ளுதான் மூக்கு. வாயுவில் எதுவும் மாறவில்லை.

அவளுக்கு முதலில் வந்த நினைப்பு தன்னைப் பற்றியது அல்ல. பத்ரிக்கு இதை எப்படிச் சொல்வது என்பதுதான். அவன் கை தவறு. வேலை கிடைத்ததே இந்தக் கட்டுரையால். கேட்டால் ஒடிந்துபோவான். போனில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்து, அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, இரண்டு பஸ் மாறி கச்சிபௌலிக்குப் போனாள். வழியெல்லாம் மேம்பாலத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கம்பெனி வேன்களுக்கு நடுவில் பஸ் ஊர்ந்தது. அவளுக்கு ஒத்திகை பார்க்க வேண்டிய நேரம் கிடைத்தது. இது யாருக்கும் நடக்கும், இரண்டு பேருமாகச் சேர்ந்து திருத்தம் எழுதிவிடலாம், சாரிடம் நானே சொல்கிறேன்.

பத்ரி கழுத்தில் அடையாள அட்டையோடு கீழே இறங்கி வந்து அவளை சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனான். சற்றுச் சதை போட்டிருந்தான். இரண்டு காபி வாங்கி வைத்தான்.

"பத்ரி, ஒரு கெட்ட செய்தி."

"அங்கிளுக்கு ஏதாவது?"

"அப்பா நல்லா இருக்காங்க. மூக்கு. நம்ம மூக்கு." அவள் அவன் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "நேத்து உன் புரோகிராமைத் திறந்தேன். எதிர்த்துகளை எங்க வெட்டுறோம்னு ஒரு வரி இருக்குல்ல. அந்த எண்ணைக் கொஞ்சம் மாத்தினேன்."

"இடது பக்கம் போகும்," என்றான் பத்ரி, காபியைக் கலக்கிக்கொண்டே.

யூனிஸ் தன் காபியைத் தள்ளி வைத்தாள். அவன் கலக்குவதை நிறுத்தினான்.

"நான் குறைச்சேன்னும் சொல்லல, கூட்டினேன்னும் சொல்லல," என்றாள்.

"யோசிச்சா தெரியறதுதானே."

"ஹவ், ஆமா, யோசிச்சா தெரியும். எப்ப யோசிச்ச?"

பக்கத்து மேஜையில் யாரோ பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பத்ரி அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு அட்டையின் நாடாவை விரலில் சுற்றினான்.

"கிளம்பறதுக்கு முன்னாடி, புரோகிராமைக் கொஞ்சம் வேகமாக்கிக் குடுத்துட்டுப் போலாம்னு பார்த்தேன். அப்போ."

"ஜனவரி."

"ஜனவரி."

"பிப்ரவரியில எனக்கு மூக்கைக் குடுத்த."

அவன் நாடாவை விரலிலிருந்து அவிழ்த்தான்.

"நீ உன் தீசிஸ்ல இருந்து எடுத்துட்டு எங்கிட்டக் குடுத்த. நான் அதை... பத்ரி, நான் அன்னிக்கு அழுதேன். உனக்குத் தெரியுமா? எங்க அப்பாகிட்டச் சொல்லி அழுதேன்."

"நீயே கண்டுபிடிச்சுடுவேன்னு நெனச்சேன், யூனிஸ். நீ அவ்ளோ கெட்டிக்காரி. ஒரு மாசம் ரெண்டு மாசத்துல பார்த்துடுவ, திருத்திப்ப, அப்போ நான் இங்க செட்டில் ஆயிருப்பேன்னு. அப்புறம் நாள் போயிடுத்து. நாள் போகப் போகச் சொல்றது கஷ்டமாயிண்டே போச்சு."

"போன மாசம் என் படத்தையெல்லாம் திருத்தி அனுப்பினியே. சிவப்பை நீலமாக்கச் சொன்னியே."

"அது..."

"மூக்கைக் கடைசியில வைக்கச் சொன்ன."

பத்ரி முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டான். "சார்ட்ட சொன்னேன் நான். ஜனவரியிலயே. என் மேல மட்டும் பழி போடாத. மையத்தைப் பார்க்க வர்ற ரிவ்யூ கமிட்டி முடியட்டும், இப்போ யார்ட்டயும் பேச வேண்டாம்னார். யூனிஸ்கிட்ட நான் பார்த்துச் சொல்றேன்னார்."

இது அவள் எதிர்பார்க்காதது. எழுந்துகொண்டாள். காபி அப்படியே இருந்தது. வாசல்வரை அவன் கூடவே வந்தான், ஏதோ பேசிக்கொண்டே. சாலையைக் கடந்த பிறகுதான், தன் பை அங்கேயே நாற்காலியில் மாட்டிக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் போக மனசில்லாமல் நின்றாள். அவனே எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். வாங்கிக்கொண்டாள். நன்றி என்று பழக்கத்தில் வாய்வரை வந்தது, அதை விழுங்கினாள்.

வெங்கடகிருஷ்ணன் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். யூனிஸுக்கு அம்மா இல்லை என்று, அவள் மையத்தில் சேர்ந்த பிறகு தெரியவந்ததும், வீடு தேடி வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவர். மறுநாள் அவர் அறைக்குப் போனபோது அவர் கதவைச் சாத்தச் சொன்னார். பத்ரி போன் செய்திருப்பான்.

"உக்காரும்மா. இதைப் பெருசா எடுத்துக்காதே. கட்டுரைன்னா பிழை வரும், அடுத்த கட்டுரையில சரியாகும். சயின்ஸ் அப்படித்தான் போறது."

"ஒரு வருஷமா உங்களுக்குத் தெரியும், சார்."

"ஏப்ரல்ல கமிட்டி வந்தது. இந்த மையத்துல காட்டறதுக்கு நம்மகிட்ட என்ன இருந்தது சொல்லு? அந்த ஒரு கட்டுரைதான். அது இல்லேன்னா பன்னெண்டு பேருக்கு வேலை இல்லை. உன் ஃபெல்லோஷிப்பும் சேர்த்து."

"அப்ப கமிட்டி போனதும் சொல்லியிருக்கலாமே, சார். நான் ஏப்ரலுக்கு அப்புறம்தான் ரெண்டு சாப்டரும் எழுதினேன். ஒவ்வொரு பக்கமும் உங்ககிட்டக் குடுத்தேன். நீங்க ஓரத்துல 'நன்று'ன்னு எழுதிக் குடுத்தீங்க."

அவர் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்தி வைத்தார். "நான் உங்கிட்ட எதையும் மாத்திச் சொல்லலியே. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"எதைக் கேக்கணும்னு எனக்குத் தெரியாதே, சார்."

அவர் பேப்பர்வெயிட்டை மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார். பிறகு, ஆய்வேட்டைச் சமர்ப்பித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு, ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு திருத்தம் அனுப்பலாம் என்றார். அவளுடைய நன்மைக்குத்தான் சொல்வதாகவும் சொன்னார். அது பொய்யில்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை அப்பாவை ஸ்கூட்டரில் வைத்து போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போனாள். வாரக் காய்கறியை அங்கே மொத்த விலைக்கு அள்ளிக்கொண்டு வருவது அவர் வழக்கம். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று, லாரிச் சத்தத்துக்கு மேலாக, எல்லாவற்றையும் சொன்னாள். கிதியோனுக்கு இயற்பியல் தெரியாது. எதிர்த்துகள் என்றால் என்னவென்று அவர் கேட்கவும் இல்லை.

"ஆக, அவனுக்குத் தெரியும்," என்றார்.

"தெரியும்பா."

"தெரிஞ்சுகிட்டே உன் தலையில கட்டிட்டான்."

"ம்."

கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே போட்டார். "நம்ம வீட்ல உக்காந்து சாப்ட்ட பய. இனிமே அவன் பேச்சு நம்ம வீட்டுக்குள்ள நக்கோ, வேண்டாம்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீ என்ன செய்யப்போறம்மா?" என்றார்.

"உண்மையை எழுதி அனுப்பப்போறேன்."

"அப்ப ஜெர்மனி?"

"தெரியல."

"சரி," என்றார் கிதியோன். மறுபடி கத்திரிக்காய்க்காரனிடம் போய் ஒரு கிலோ நிறுக்கச் சொன்னார்.

திருத்தத்துக்கு மூன்று ஆசிரியர்களும் சம்மதிக்க வேண்டும் என்றது சஞ்சிகை. வெங்கடகிருஷ்ணன் இழுத்தடித்தார். நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன் என்று யூனிஸ் சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டார். பத்ரி உடனே சம்மதித்தான். ஒரு கோரிக்கை மட்டும் வைத்தான். பிழை எப்போது தெரிந்தது என்று எழுத வேண்டாம், 'பின்னர் கண்டறிந்தோம்' என்று பொதுவாகப் போடு. அந்த வாக்கியத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இயற்பியலுக்கு அந்தத் தேதி தேவையில்லை. அப்படியே போட்டு அனுப்பினாள்.

ஜெர்மனிக்காரர்கள் மரியாதையாகவே பதில் எழுதினார்கள். அவளுடைய நேர்மையைப் பாராட்டினார்கள். அந்த இடம் குறிப்பாக அந்த மாற்றத்தை ஆராய்வதற்கானது என்பதால் வருந்துவதாகச் சொன்னார்கள். வரவேற்பறைச் சுவரில் இருந்த படத்தை யாரோ கழற்றினார்கள். அந்த இடத்தில் சதுரமாக வெள்ளை தெரிந்தது. கொஞ்ச நாளில் ஒரு நாட்காட்டி வந்து மாட்டிக்கொண்டது.

யூனிஸ் இரண்டு அத்தியாயங்களையும் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். பத்ரியின் புரோகிராமில் ஒரு வரியைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. சரியாக இருந்த பகுதிகளையும் தானே எழுதினாள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு வழியில் போட்டுப் பார்த்தாள். முடிந்த இடத்தில் கையால் போட்டுப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் ஹர்ஷா என்று ஒரு புதுப் பையன் வந்து உட்கார்ந்தான். அவன் உதவிக்கு வந்தால் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாள். அவன் நல்லவன்தான். அவன் என்ன செய்வான்.

கிடைத்த உண்மை சிறியது. அந்த வாயு எந்த இடத்திலும் திடீரென்று மாறுவதில்லை. எதிர்த்துகள்கள் படிப்படியாக வருகின்றன. ஆனால் நடுவிதியைப் பின்பற்றும் துகள்களில் அவை போசான்களைவிடச் சற்றுத் தாமதமாக வருகின்றன. ஒன்றையொன்று எவ்வளவுக்கு விலக்கி வைக்கின்றனவோ அவ்வளவு தாமதம். எவ்வளவு என்பதற்கு ஒரு சுத்தமான சூத்திரம் கிடைத்தது. யாரும் சுவரில் மாட்டமாட்டார்கள். ஆனால் எந்த எண்ணை மாற்றினாலும் அது நகரவில்லை.

2007 ஆகஸ்டில் அவளுடைய வாய்மொழித் தேர்வு. பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வரலாம். கிதியோன் ஓய்வு பெற்ற நாளில் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்தவர் பேராசிரியர் சந்திரமோகன், கறார் ஆள் என்று பெயர். யூனிஸ் பேசத் தொடங்கிச் சிறிது நேரம் ஆனபோது பின்கதவு திறந்தது. பத்ரி உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவன் வருவான் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு சொல் தடுக்கிற்று. சமாளித்துக்கொண்டு போனாள்.

கேள்விகள் எல்லாம் முடிந்த பிறகு சந்திரமோகன் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "உங்களுடைய முந்தைய கட்டுரைக்கு ஒரு திருத்தம் வெளியாகியிருக்கிறது. நல்ல காரியம், பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. அந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

புனேயில் ஒருவர் கேட்ட கேள்வியால் என்று சொல்லிவிட்டு முடித்திருக்கலாம். அதுவும் உண்மைதான். யூனிஸ் மேஜையில் இருந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தாள்.

"அதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. என் சக ஆய்வாளர் டாக்டர் பத்ரி. நான் கண்டுபிடிப்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னாலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பெருமை அவருக்குத்தான் சேரும். இங்கேதான் இருக்கிறார்."

எல்லோரும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டினார். சந்திரமோகன் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு தேதிகளை யோசிப்பது தெரிந்தது.

"ஒரு வருஷம் முன்னாலா? அப்படியானால் அந்த ஒரு வருஷம் நீங்கள் எதன் மேல் வேலை செய்துகொண்டிருந்தீர்கள்?"

"பிழையின் மேல்."

"அவர் உங்களிடம் சொல்லவில்லையா?"

"இல்லை. வழிகாட்டியிடம் சொன்னார்."

சந்திரமோகன் பக்கத்து நாற்காலியில் இருந்த வெங்கடகிருஷ்ணனைப் பார்த்தார். வெங்கடகிருஷ்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதில் சில நிர்வாகச் சூழ்நிலைகள்," என்று தொடங்கி, அதோடு நிறுத்திக்கொண்டார். சந்திரமோகன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆய்வேட்டை மூடிவைத்து, "எனக்கு வேறு கேள்வி இல்லை," என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்.

ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் பத்ரி காத்துக்கொண்டிருந்தான். கிதியோன் அவனைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணிட்டியே," என்றான்.

"உனக்குச் சேர வேண்டிய பெருமையைக் குடுத்தேன்."

"அது பெருமை இல்லைன்னு உனக்குத் தெரியும்."

"உனக்கும் தெரியுதே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உன்னைக் கெடுக்கணும்னு நான் நெனக்கவே இல்லை, யூனிஸ். சத்தியமா."

"அது தெரியும். நெனச்சிருந்தா எனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது. அப்ப உன்னை வெறுத்துட்டுப் போயிருப்பேன்." ஹெல்மெட்டை எடுத்து மாட்டினாள். "நீ எனக்கு எதிரா ஒண்ணும் செய்யல. என்னைக் கணக்குலயே எடுத்துக்கல. அவ்வளவுதான்."

அப்பாவைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று மாதத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை கிடைத்தது. வெங்கடகிருஷ்ணன் அதற்கு நல்ல சான்று எழுதிக் கொடுத்திருந்தார், கேட்காமலே. அவளுடைய சூத்திரத்தை அடுத்த வருஷம் யாரோ இரண்டு பேர், பிரேசிலில் இருந்து, தங்கள் கட்டுரையில் எடுத்தாண்டிருந்தார்கள். அதெல்லாம் பின்னால்.

அன்று வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கிதியோன் கோட்டைக் கழற்றிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். பட்டம் அறிவித்தபோது மையத்தின் நிர்வாக அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்து, டாக்டர் யூனிஸ் என்பதற்குப் பதிலாக, டாக்டர் யூனியன் என்று அழுத்தந்திருத்தமாகச் சொன்னதை நினைத்து. யூனிஸுக்கும் சிரிப்பு வந்தது. அந்த அதிகாரி பெயர்களைக் கொலை செய்வது பற்றி அவர்கள் அறைக்குள் ஆறு வருஷமாக ஓடிய கதைகள் உண்டு. ஒவ்வொன்றும் பாதி வார்த்தையில் புரியும், மீதிப் பாதிக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கை தன்னால் போனை எடுத்துவிட்டது. பத்ரியின் பெயர்வரை போயும்விட்டது. அப்போதுதான் நினைவு வந்தது. சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். அப்பா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று நடந்ததைச் சொன்னால் முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் அவளுக்கு இன்னமும் அவன் ஒருவன்தான் இருந்தான்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.